வரப்போகுது, வரப்போகுது: ஓசூரில் 16 வருஷம்

2009 ஜூன் மாதம், ஒரு விடிகாலை நாலரை மணிக்கு ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முந்தின நாள் சாயங்காலம் அறந்தாங்கியில் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதே சட்டையில் இங்கே பல் கிட்டித்தது. எதிரே டீக்கடையில் ஒருவர் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் குல்லா! ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, மாதம் 8,000 சம்பளம். ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் சேர்த்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடுவது என்று கணக்கு.

இங்கே வந்து இறங்குகிற பல பேருக்கும் அதே கணக்குதான். அது பலிக்காமல் இங்கேயே தங்கிப்போனவர்களில் நானும் ஒருவன். இப்போது ஊரிலிருந்து யாராவது போன் செய்து "ஓசூர்ல செட்டில் ஆகலாமா? இடம் வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் முழுக்கச் சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் அதிகம் புழங்கும் வார்த்தை 'வரப்போகுது'. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீடு காட்டுவதற்காக ஒரு புரோக்கர் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். ஒவ்வொரு பொட்டல் காட்டிலும் வண்டியை நிறுத்துவார். "சார், இங்க ரிங் ரோடு வரப்போகுது. அதோ அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி பெரிய ஸ்கூல் வரப்போகுது. மெட்ரோகூட வரப்போகுது." நான் கேட்டது ஒற்றை ரூமும் ஒரு பாத்ரூமும். 16 வருஷத்தில் அவர் சொன்னதில் சிலது வந்தது, சிலது வேறு இடத்தில் வந்தது, சிலது இன்னும் வரப்போகிறது. புளியமரம் மட்டும் போய்விட்டது.

ஊர்ப் பெயரிலேயே இது இருக்கிறது. கன்னடத்தில் 'ஹொஸ ஊரு' என்றால் புது ஊர். அதற்கு வளர்ச்சித் திட்டம் போடுகிற அமைப்பின் பெயர் 'ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமம்'. அதாவது புது ஊர்ப் புதுநகர். இத்தனை நூறு வருஷம் கழித்தும் புதுசாகவே இருக்கும்படி ஒரு ஊருக்குப் பெயர் வைத்தவர் சாமர்த்தியசாலிதான்.

என் முதல் வீட்டு ஓனரம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தினமும் ஆறு மணி வாக்கில் மாடிப்படியில் நின்று "நீள்ளு! நீள்ளு!" என்று கத்துவார். அவருடைய மகள் பெயர் நீலு போலிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறார் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் பல் தேய்க்கத் தண்ணீர் இல்லாமல் கீழே போய்க் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. "தினம் கூப்பிடுறேனே தம்பி, நீங்க மோட்டர் போடவே வரலியே!" நீள்ளு என்றால் தண்ணீர். குழாயில் வருவது ஒரு மணி நேரம். அதற்குள் அவரவர் மோட்டாரைப் போட்டு அவரவர் டேங்க்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் ஒரு வாரமாக அடுத்தவர் தண்ணீரில் குளித்திருக்கிறேன்.

அதனால் இங்கே வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஹாலில் எத்தனை டைல்ஸ் என்று பார்க்காதீர்கள், தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். 2013-இல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு குடிதண்ணீர் எவ்வளவோ தேவலை. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் வந்த திட்டம் அது. ஆனாலும் எல்லாத் தெருவுக்கும் தினசரி வருவதில்லை. "காவேரி வருதா?" என்று கேட்டால் எல்லா ஓனரும் "வருது" என்பார்கள். கேட்க வேண்டியது, எத்தனை நாளைக்கு ஒருதரம் வருகிறது, சம்ப் எத்தனை லிட்டர், அதை எத்தனை வீடு பங்குபோடுகிறது என்று. மாடி வீட்டுக்குத் தனி மோட்டாரா, பொது மோட்டாரா? பொது என்றால் கரண்ட் பில் எப்படிப் பிரிக்கிறார்கள்? போர்வெல் எத்தனை அடி, உப்பா, கோடையில் வற்றுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஓனரிடம் பதில் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள், அல்லது அந்தத் தெருவில் டேங்கர் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். எந்த வீட்டுக்கு மாசம் எத்தனை லோடு என்று அவருக்கு மனப்பாடம்.

அட்வான்ஸ் விஷயத்தில் இந்த ஊர் பாதி பெங்களூர். பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கிற போக்கிய வீடுகளும் உண்டு. போக்கியம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டின் மேல் பேங்க் லோன் இருந்தால், உங்களுக்கு முன்னால் பேங்க் நிற்கிறது.

சரி, எல்லை விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரைப் பற்றிப் பேசினால் அங்கே வந்துதான் ஆகவேண்டும்.

ஊர் முடிகிற இடம் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். நான் வந்த புதிதில் ஜூஜூவாடிப் பக்கம் நின்று போன் பேசினால் செல்போன் நம்மைக் கேட்காமலே அந்தப் பக்க டவருக்குத் தாவிவிடும். "கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் வரும். அடுத்த நிமிஷம் இன்கமிங்குக்கே காசு போகும். சிப்காட்டில் நின்றபடி அம்மாவிடம் பேசியதற்கு ரோமிங் கட்டணம் கட்டியிருக்கிறேன். இப்போது அந்தத் தொல்லை இல்லை. எல்லை மட்டும் வேறு வேறு வேஷத்தில் குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கிறது.

2011-இல் கல்யாணம் ஆனது. மனைவிக்குப் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் அக்கவுண்ட்ஸ் வேலை. தூரம் என்று பார்த்தால் 25 கிலோமீட்டர் வராது. திங்கட்கிழமை காலையில் அதுவே ஒன்றரை மணி நேரம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023 ஜூனில் கர்நாடகமும் பெண்களுக்கு இலவசம் என்றது, ஆனால் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். ஆகவே இவள் ஜூஜூவாடி வரை ஓசியில் போய், அதற்கப்புறம் டிக்கெட் எடுப்பாள். "ஏங்க, எல்லை தாண்டினா நான் பொம்பளை இல்லையா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

தினமும் பெங்களூர்ப் பக்கம் போய்வர நினைக்கிறவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது. ஆப்பில் டாக்ஸி போட்டு ராத்திரி ஓசூருக்கு வரலாம் என்று நம்பாதீர்கள். வெளியூர் ரேட் காட்டும். அதற்கும் சம்மதித்து ஏறினால், எல்லை கிட்ட வந்ததும் "சார், தமிழ்நாடு பர்மிட் இல்லை" என்று டிரைவர் ஓரங்கட்டிவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, மஞ்சள் போர்டு வண்டிக்கு மாநிலம் தாண்டினால் வரி கட்ட வேண்டும். அத்திப்பள்ளி வரை வந்து பஸ் மாறுவதே நிம்மதி. ரயில் இன்னும் நல்லது. சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டால் செலவு ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் ஹீலலிகேயில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அவ்வளவுதான். வேலை நேரத்தை ரயிலுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

இனி 2016 செப்டம்பர். அந்த ஒரே வாரத்தில் ஓசூர் எனக்கு இரண்டு பாடம் எடுத்தது.

முதலாவதைச் சொல்ல 2012-க்குப் போக வேண்டும். சேமிப்பு கொஞ்சம், மனைவியின் நகை கொஞ்சம், அப்பா கொடுத்தது கொஞ்சம் என்று திரட்டி, பாகலூர் ரோட்டுப் பக்கம் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். சதுர அடி 350 ரூபாய். லேஅவுட் வாசலில் பெரிய போர்டு: 'மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடத்தில்!' அந்தச் சமயம் பெங்களூரிலேயே மெட்ரோ என்பது பையப்பனஹள்ளியிலிருந்து எம்ஜி ரோடு வரை ஓடிய ஒரு துண்டு மட்டும்தான். அதுவும் முந்தின வருஷ அக்டோபரில்தான் திறந்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அந்த போர்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஆசை வந்துவிட்டால் கணக்குப் பார்க்கிற மூளை ஓய்வெடுத்துக்கொள்கிறது.

"அப்ரூவல் இருக்கா?" என்று கேட்டேன். "பஞ்சாயத்து அப்ரூவல் சார், பக்கா" என்றார்கள். டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்புத் துறை, கொடுக்கிற அப்ரூவலும் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் ஒன்றல்ல என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நானும் இன்னொருவரிடம் கேட்கவில்லை. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது. என் மனை ஒரே நாளில் விற்க முடியாத மனை ஆனது. வீடு கட்ட லோன் கேட்டு மனு கொடுத்திருந்த நேரம் வேறு. பேங்கில் பைலைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. திங்கட்கிழமை, 12-ஆம் தேதி, காவிரித் தண்ணீர் விவகாரத்தில் பெங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களையும் லாரிகளையும் கொளுத்தினார்கள். மதியம் மூன்று மணிக்கு மனைவி போன் செய்தாள். ஆபீஸை மூடிவிட்டார்கள், கம்பெனி வண்டி சந்தாபுரம் வரைதான் வரும் என்றாள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் போன் கிடைக்கவில்லை.

ஜூஜூவாடியில் போய் நின்றேன். என்னைப் போலவே இருநூறு முந்நூறு பேர் பைக்கோடு நின்றார்கள். போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. நெடுஞ்சாலையில் வண்டியே இல்லை. ஆறு வழிச் சாலை வெறிச்சென்று கிடந்தால் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அகலத்தில் கர்நாடகப் பக்கமிருந்து ஜனங்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். லேப்டாப் பை மாட்டியவர்கள், தலையில் மூட்டை வைத்த கட்டட வேலைக்காரர்கள், சூட்கேஸை உருட்டிக்கொண்டு ஒரு வயதான தம்பதி. சூட்கேஸ் சக்கரம் தாரில் உரசுகிற சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது. ஐந்தரை மணிக்கு இவளும் ஆபீஸ் தோழிகள் மூன்று பேரும் தெரிந்தார்கள். இவள் ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள். அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். செருப்பு வார் அறுந்திருந்தது, அதில் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. அத்திப்பள்ளியில் கடையைக் கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா, தன் ரவிக்கையிலிருந்து கழற்றிக் கொடுத்தாராம். "நிதானவாகி ஹோகி" என்றாராம். மெதுவாப் போங்க.

இந்தச் சண்டையில் எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வெளியூரில் கேட்பவர்களிடம் அந்த ஊக்கைப் பற்றித்தான் சொல்வேன். அது இன்னும் அவள் கைப்பையில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் சின்னவைதான். ஆபீஸ் மேஜை இழுப்பறையில் ஒரு ஜோடி ஷூவும் மாற்றுத் துணியும் எப்போதும் இருக்கும். ராத்திரி தங்க நேர்ந்தால் எலக்ட்ரானிக் சிட்டியில் எந்தத் தோழி வீடு என்பது முடிவாகியிருக்கும். இரண்டு மாநிலச் செய்தியையும் காலையில் ஒரு பார்வை பார்த்துவிடுவோம், பந்த் என்றால் அங்கே ஒரு தேதி, இங்கே ஒரு தேதி. 2020-இல் எல்லையை மூடி இ-பாஸ் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் தவித்த அளவு நாங்கள் தவிக்கவில்லை என்றால் 2016-தான் காரணம்.

மனை என்னவாயிற்று? 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிந்த மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டிய இடத்தில் அதற்குள் இரண்டு வீடு எழும்பியிருந்தது. எந்த ஆபீஸில் எத்தனை தடவை நின்றேன் என்பதை எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

ஆக, இடம் வாங்குகிறவர்களுக்கு: டிடிசிபி அல்லது புதுநகர்க் குழுமத்தின் அங்கீகார எண்ணையும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவெண்ணையும் வாங்கி, நீங்களே ஆன்லைனில் தேடிப் பாருங்கள், தரகர் அனுப்புகிற பிடிஎப் போதாது. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்கள். பட்டா யார் பெயரில், உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பழைய கிராம வரைபடத்தில் அந்த சர்வே நம்பர் ஓடையா, ஏரியா, மேய்ச்சல் நிலமா என்று பாருங்கள். ஓசூரைச் சுற்றி ஏரிகள் அதிகம். சில ஏரி இன்னும் ஏரியாக இருக்கிறது, சிலது தெருப் பெயராக மட்டும் இருக்கிறது. கடைசியாக, நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தப் பத்திரமும் சொல்லாததை அந்த ஒரு நாள் சேறு சொல்லும்.

அதைவிட முக்கியமாக, விலையில் எத்தனை பங்கு 'இருப்பது', எத்தனை பங்கு 'வரப்போவது' என்று பிரித்துப் பாருங்கள். 2024 ஜூன் 27-ஆம் தேதி, ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். அன்று சாயங்காலமே, நான்கு வருஷமாகப் பேசாத ஒரு புரோக்கர் எனக்குப் போன் செய்து குசலம் விசாரித்தார். பெங்களூர் விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் போட்டியாக இன்னொரு விமான நிலையம் 2033 வரை வரக் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அதைச் சொன்னேன். "அதெல்லாம் பேசி முடிச்சிருவாங்க சார்" என்றார். முடிக்கலாம், முடிக்காமலும் போகலாம். என் பணம் அதற்காகக் காத்திருக்காது. மெட்ரோவுக்கும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூருக்கு நீட்டிக்கிற திட்டம் காகிதத்தில் இருக்கிறது. என் 2012 போர்டில் இருந்த 5 நிமிடம் இப்போது ஒரு பஸ் தூரமாகியிருக்கிறது. அதற்குள் மகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், யாரும் போர்டு வைக்காத விஷயங்கள்தான் இங்கே சத்தமில்லாமல் வந்து சேர்ந்தன. சிப்காட்டில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் போய் நின்றால் தெரியும். 1970-களில் சிப்காட் வந்து, 80-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வேரூன்றியபோது தென் மாவட்டத்து ஐடிஐ பையன்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், அசாம் பையன்கள் வருகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிகளுக்கு வேனில் வந்து இறங்கும் பெண் பிள்ளைகள், ஹாஸ்டல் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டபடி பானிபூரி சாப்பிடுகிறார்கள். ஊரின் பேச்சே மாறியிருக்கிறது. முன்பு தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. இப்போது ஐந்தாவதாக இந்தியும் சேர்ந்திருக்கிறது. என் மகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பேக்கரியில் கன்னடமும் பேசுகிறாள். அறந்தாங்கிக்குப் போனால் பாட்டியிடம் "சாம்பார்ல வெல்லம் போடலையா?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறாள்.

சாப்பாட்டைச் சொன்னால் உழவர் சந்தையைச் சொல்லாமல் விடக் கூடாது. காலை ஆறு மணிக்குப் போங்கள். ஏழரைக்குப் போனால் மிச்சம்தான் கிடைக்கும். முட்டைக்கோஸ், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் முந்தின நாள் பறித்தவை. ராயக்கோட்டைத் தக்காளி ஒரு வாரம் கிலோ எட்டு ரூபாய் விற்கும், இன்னொரு மாசம் எண்பது விற்கும். அந்த எட்டு ரூபாய் வாரத்தில் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதையும் பார்க்க நேரும். ஒரு பெரியவரிடம் எட்டு வருஷமாகக் கீரை வாங்குகிறேன். கட்டைப் பிரித்து வேரிலிருக்கும் மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி அதே நாரால் கட்டித் தருவார். "மண்ணுக்கு எதுக்கு சாமி காசு?" மார்கழி, தை மாதத்தில் அவரைக்காய் வரும். இங்கத்து ஆட்கள் பருப்பை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, ராகிக் களிக்குக் குழம்பு வைப்பார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது முதல் வீட்டு ஓனரம்மாதான். முதல் உருண்டையில் தொண்டை அடைத்தது. இப்போது வாரம் இரண்டு நாள் அதுவே.

ரோஜா பற்றி ஒரு யோசனை. ஓசூர் ரோஜாவைப் பிப்ரவரி 14-க்கு முந்தின வாரம் வாங்காதீர்கள். வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் போகிற பூ அது, விலை நமக்கானதல்ல. 16-ஆம் தேதி வாங்குங்கள். அன்பு ரெண்டு நாள் தள்ளி வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இருபது பூக் கட்டு பாதி விலைக்குக் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. கெலவரப்பள்ளி அணைப் பக்கம், பெங்களூரில் பலத்த மழை பெய்த அடுத்த நாட்களில் போய்ப் பாருங்கள். நந்தி மலையில் பிறந்து பெங்களூர்க் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, மதகைத் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போகும். வெளியூரிலிருந்து வந்த என் சித்தப்பா பையன் பனி என்று நினைத்து செல்பி எடுத்தான். காற்று அவன் பக்கம் திரும்பியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். அந்தப் பாசனத்தில் இருக்கிறவர்கள் எங்கே ஓடுவார்கள்?

குளிர்காலத்தில் ராகி முற்றும்போது யானை வரும். தளி, ஜவளகிரிக் காடுகள் வழியாகக் கூட்டமாக வந்து சானமாவுக் காட்டில் தங்கும். ராயக்கோட்டை ரோட்டில் அந்த மாதங்களில் இருட்டியபின் பைக்கில் போகாதீர்கள். நான் ஒருமுறை போனேன். ரோட்டின் குறுக்கே ஏதோ லாரி லைட் இல்லாமல் நிற்கிறது என்று நினைத்து ஹாரன் அடிக்கக் கட்டை விரலை வைத்தேன். லாரி காதை ஆட்டியது. விரலை எடுத்து, என்ஜினை அணைத்து, வண்டியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போன அந்த நூறு அடி தூரம்தான் என் வாழ்க்கையில் மிகச் சுத்தமாக வண்டி ஓட்டியது.

ஆஸ்பத்திரி பற்றியும் கேட்பார்கள். காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம் எல்லாவற்றுக்கும் ஊரிலேயே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். பெரிய சிக்கல் என்றால் பெங்களூர்தான். 2015-இல் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. இங்கே முதலுதவி செய்து அனுப்பினார்கள், அரை மணி நேரத்தில் பொம்மசந்திரா போய்ச் சேர்ந்தோம். "இதே காலை ஒன்பது மணியா இருந்தா?" என்று டாக்டர் கேட்டுவிட்டு அவரே பேச்சை மாற்றினார். இன்சூரன்ஸ் எடுக்கும்போது எல்லைக்கு அந்தப் பக்க ஆஸ்பத்திரிகளும் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்து எடுங்கள். பலர் ஊர்ப் பின்கோடைப் போட்டுத் தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள்.

2019 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சியானது. அதே வருஷக் கடைசியில் நானும் அந்த மனையில் வீட்டைக் கட்டி முடித்தேன். கீழே நாங்கள், மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு. போன மாசம் தேனிப் பக்கமிருந்து ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். பையனுக்கு சிப்காட்டில் வேலை. புரோக்கர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, தெருமுனையைக் கை காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "அதோ தெரியுது பாருங்க, அங்க ஏர்போர்ட் ரோடு வரப்போகுது."

அந்தப் பெண் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, காவேரி வருதுங்களா?"

"மூணு நாளைக்கு ஒருக்கா வரும்மா. நடுவுல போர்த் தண்ணி. கொஞ்சம் உப்பு" என்று சொல்லிவிட்டு, சம்ப் மூடியைத் தூக்கக் கொக்கியை எடுக்க உள்ளே போனேன்.